தலைமைக்கு வேண்டுவது யாது?

சென்ற தவக்காலத்தின்போது எங்கள் பங்குப் பேரவைக்குப் புதிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தது. வழக்கம்போல் நானும் ஒரு தாளில் தகுதிகளை எழுதிக் கோவிலின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவித்தேன். வயது இருபத்தைந்துக்குக் குறையாதிருத்தல், கோவில் வரி பாக்கியின்றிச் செலுத்தியிருத்தல், ஞாயிறு திருப்பலியில் தவறாது பங்கேற்றல், நன்னடத்தை என நான்கே வரிகள். அன்று மாலை எங்கள் முதிய உபதேசியார் அப்பலகையின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு என் அறைக்கு வந்தார்.

“சாமி, இந்த நான்கும் உள்ளவர்கள் நம் பங்கில் இருநூறு பேராவது இருப்பார்கள். ஆனால் நாளைக்கு ஒரு வெள்ளம் வந்தால் யார் சொல்லைக் கேட்டுச் சனங்கள் எழுந்து போவார்கள்? அது இந்தத் தாளில் இல்லையே!”

நான் விடை கூறாது சிரித்து மழுப்பினேன். எனினும் அவர் வினா அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்றோம். அரிஸ்டாட்டில் கூறும் விவேகம், நீதி, திடம், மட்டுமிதம் ஆகிய நற்பண்புகளை வரிசை பிறழாது ஒப்பித்தோம். ஆயினும் உபதேசியாரின் வெள்ளத்துக்கு அவ்வரிசையில் விடை தேட எனக்கு மனம் வரவில்லை. மாறாக, முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ட ஒரு கதை நினைவில் எழுந்தது. இரவுணவின்போது ஒருவர் நூல் வாசிக்க ஏனையோர் மௌனமாக உண்ணும் பழைய வழக்கம், தியான நாள்களில் மட்டும் எங்கள் குருமடத்தில் எஞ்சியிருந்தது. அவ்வாறு வாசிக்கப்பட்ட ஒரு நூலினால் எனக்கு அறிமுகமானவர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் என்ற மாலுமி. அன்றைய கஞ்சி ஆறிப்போனது இன்னும் நினைவிருக்கிறது.

அவரைப் பற்றிப் பலர் கேள்வியுற்றிருப்பர். ஆயினும் முழு வரலாற்றையும் பொறுமையாய் நோக்கினால், தலைமைக்குரிய குணங்கள் எவை என்பது மட்டுமன்றி, அக்குணங்கள் ஒருவரிடம் எங்கே தொடங்கி எங்கே நின்றுவிடுகின்றன என்பதும் தெரியவரும். ஆகவே சற்று விரிவாகவே கூறுகிறேன்.

ஷாக்கிள்டன் 1874ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் அயர்லாந்து நாட்டில் கில்டேர் மாவட்டத்தில், பத்துப் பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் இரண்டாவது குழந்தையாகப் பிறந்தார். பதினாறாம் வயதிலேயே வணிகக் கப்பலில் சேர்ந்தார். 1901ஆம் ஆண்டில் ஸ்காட் என்பவரின் தலைமையில் தென்துருவக் கண்டமாகிய அந்தார்க்டிக்காவுக்குச் சென்று, நோயுற்று, 1903இல் திருப்பி அனுப்பப்பட்டார். அந்த அவமானம் அவரை வெகுவாகக் குடைந்தது போலும்! தாமே ஒரு குழுவைத் திரட்டிக்கொண்டு 1907இல் மீண்டும் புறப்பட்டார். 1909 சனவரி 9ஆம் நாள் தென்துருவத்துக்கு 97 கடல் மைல் தொலைவு வரை நெருங்கினார். அதுவரை எந்த மனிதனும் அவ்வளவு தெற்கே சென்றதில்லை. இன்னும் சில நாள் நடந்தால் துருவம், உலகப் புகழ். ஆனால் உணவு குறைந்துவிட்டது. போய்ச் சேரலாம், திரும்பி வருதல் இயலாது. உடனிருந்தோர் மூவர்.

ஷாக்கிள்டன் திரும்பிவிட்டார். செத்த சிங்கத்தினும் உயிருள்ள கழுதையே உனக்கு மேல் என எண்ணினேன் என்று தம் மனைவியிடம் பின்னர் கூறினாராம். அத்திரும்பு பயணத்தில் பட்டினியால் துவண்ட பிராங்க் வைல்டு என்ற தோழருக்குத் தம் பங்காகிய ஒரேயொரு பிஸ்கட்டை வற்புறுத்திக் கொடுத்தார். எத்தனை ஆயிரம் பவுன் கொடுத்தாலும் அந்தப் பிஸ்கட்டுக்கு ஈடாகாது என்னும் பொருள்பட வைல்டு தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அந்த வைல்டு அதன்பின் ஷாக்கிள்டன் அழைத்தபோதெல்லாம் மறுபேச்சின்றி உடன் சென்றவர். இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

1911ஆம் ஆண்டு டிசம்பரில் நார்வே நாட்டு அமுண்ட்சென் துருவத்தை அடைந்துவிட்டார். எஞ்சியிருந்த சாதனை, அக்கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை நடந்து கடப்பதே என்று ஷாக்கிள்டன் எண்ணினார். உயிருக்கு ஆபத்தான பயணத்துக்கு ஆட்கள் தேவை, கூலி குறைவு, குளிர் மிகுதி என்று அவர் நாளிதழில் விளம்பரம் செய்ததாக மேடைப் பேச்சாளர்கள் பலர் உருக்கமாய்க் கூறுவதுண்டு. நானும் ஒருமுறை மறையுரையில் கூறியிருக்கிறேன். அப்படியொரு விளம்பரம் அக்கால இதழ் எதிலும் இதுவரை கண்டெடுக்கப்படவில்லை என்று பின்னர் அறிந்து வெட்கமுற்றேன். ஆனால் அவர் ஆளெடுத்த விதம் மெய்யாகவே விநோதமானது. இயற்பியல் அறிஞராகிய ஜேம்ஸ் என்பவரிடம், உமக்குப் பாட வருமா என்று கேட்டார். இசைப்புலமையை அவர் நாடவில்லை. தோழரோடு சேர்ந்து குரலெழுப்பக் கூடியவரா என்றே அறிய விரும்பினார். நம் சபைகளிலும் சங்கங்களிலும் பொருளாளரைத் தேர்ந்தெடுக்கையில் இக்கேள்வியை யாரும் கேட்பதில்லை.

‘எண்டூரன்ஸ்’ என்னும் அவருடைய கப்பல் 1914 டிசம்பர் 5ஆம் நாள் தெற்கு ஜார்ஜியா என்னும் தீவிலிருந்து புறப்பட்டது. மொத்தம் 28 பேர். அவர்களுள் பிளாக்போரோ என்ற இளைஞன் போனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் களவாய் ஏறி ஒளிந்திருந்தவன். 1915 சனவரியில் கப்பல் உறைகடலின் பனிக்கட்டிகளிடையே சிக்கியது. பின்னர் அசையவே இல்லை. பத்து மாதம் பனியோடு பனியாக அது மிதந்து சென்றது. அக்டோபர் 27ஆம் நாள் பனியின் நெருக்குதலால் மரங்கள் முறிய, எல்லாரும் கப்பலைக் கைவிட்டுப் பனிமேல் இறங்கினர். நவம்பர் 21ஆம் நாள் கப்பல் மூழ்கியது.

கண்டத்தைக் கடக்கும் நோக்கம் அன்றோடு முடிந்தது. அதற்கெனப் பல்லாண்டு உழைத்தவர், செல்வரிடமெல்லாம் கையேந்தியவர், அதனைப் பற்றி ஒரு புலம்பலும் வாய்விட்டுக் கூறவில்லை. கப்பலும் பொருளும் போயின, இனி நாம் வீடு திரும்புவோம் என்னும் பொருள்பட எளிமையாய்ச் சொன்னார். ஒரு நோக்கம் செத்த மறுகணமே வேறொரு நோக்கத்தை, அதுவும் தம் புகழுக்கு எவ்வகையிலும் உதவாத ஒன்றை, எடுத்துக்கொள்ள அவரால் இயன்றது. இருபத்தெட்டுப் பேரும் உயிரோடு ஊர் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

ஒவ்வொருவரும் இரண்டு பவுண்டு எடை மட்டுமே சொந்தப் பொருள் வைத்துக்கொள்ளலாம் என ஆணையிட்டார். ஆணையிட்டவர் முதலில் தம் சட்டைப்பையிலிருந்த பொற்காசுகளைப் பனியில் எறிந்தார். பொன்னாலாகிய சிகரெட் பெட்டியை எறிந்தார். அலெக்சாந்திரா அரசி கப்பலுக்கு அளித்திருந்த விவிலியத்தையும் வைத்தார். ஆனால் அரசியின் கையெழுத்திருந்த தாளோடு, இருபத்து மூன்றாம் திருப்பாடலையும் யோபு நூலின் ஒரு பக்கத்தையும் மட்டும் கிழித்து வைத்துக்கொண்டார். (அவ்விவிலியத்தை ஒரு கிழ மாலுமி, அதனை விட்டுச் செல்வது ஆகாது என்று கருதி, யாரும் அறியாமல் எடுத்துக்கொண்டார் என்பது வேறு செய்தி.) இவ்வளவு கண்டிப்பினிடையே ஹஸ்ஸி என்பவரின் பாஞ்சோ இசைக்கருவியை மட்டும் அவரே எடுத்து வரச் செய்தார். பொன் வேண்டாம், பாட்டு வேண்டும் என்ற இக்கணக்கு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

உறங்கும் பைகள் போதவில்லை. மென்மயிர்த் தோலால் ஆன நல்ல பைகள் 18. கம்பளியால் ஆன மட்டமானவை 10. சீட்டுக் குலுக்கினார்கள். முடிவு வியப்பானது. தலைவருக்கும் அதிகாரிகளுள் பெரும்பாலோர்க்கும் கம்பளிப் பைகள். சாதாரண மாலுமிகளுக்கெல்லாம் தோல் பைகள். அக்குலுக்கலில் ஏதோ சூது இருந்தது என்பதை மாலுமிகளே உணர்ந்தார்கள். தமக்கு நட்டம் வரும்படி சூது செய்த தலைவரை அவர்கள் அதுவரை கண்டதில்லை.

கூடாரங்களைப் பிரித்ததில் அவருடைய கூர்மை இன்னும் தெளிவாய்ப் புலப்படும். நமக்கு இனியவரையும் ஆமாம் போடுபவரையும் அருகில் வைத்துக்கொள்வதும், முணுமுணுப்பவரைத் தொலைவில் தள்ளுவதும் மனித இயல்பு. ஷாக்கிள்டனோ தம் கூடாரத்துக்கு மூவரைத் தேர்ந்துகொண்டார். புகைப்படக் கலைஞர் ஹர்லி, தம்மை மதிக்காவிடில் பிறரைக் கலைக்கக்கூடியவர். ஆகவே ஒவ்வொரு செய்தியிலும் அவருடைய கருத்தைக் கேட்டார். மேற்சொன்ன ஜேம்ஸ், பிறருடைய கேலிக்கு எளிதில் இரையாகுபவர். ஹட்சன் என்பவர், பழகுதற்கு அரியவர். மாதக்கணக்கில் இம்மூவரோடு ஒரே துணிக்கூரையின் கீழ் உறங்குவது இன்பமாயிருந்திருக்குமா?

அதற்காக அவர் எப்போதும் மென்மையானவர் என்று எண்ணிவிடலாகாது. நாய்களுக்கு உணவில்லாதபோது அவற்றைச் சுட்டுக் கொல்லச் சொன்னார். கப்பலின் தச்சர் மக்னிஷ் அன்போடு வளர்த்த பூனையையும் கொல்லச் சொன்னார். அப்பூனையைப் பற்றிப் பின்னர் கூற வேண்டியிருக்கும். பனிமேல் படகுகளை இழுத்துச் செல்ல இருமுறை முயன்று, இயலாதெனக் கண்டதும் இருமுறையும் தம் ஆணையைத் தாமே மாற்றினார். சொன்ன சொல்லை மாற்றினால் மதிப்பு போய்விடும் என்று அஞ்சும் குடும்பத் தலைவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

1916 ஏப்ரல் 9ஆம் நாள் பனித்தளம் பிளந்தது. மூன்று சிறு படகுகளில் ஏறினர். ஒரு வாரம் உப்பு நீரில் நனைந்து, உறைந்து, எலிபண்ட் தீவு என்னும் வெற்றுப் பாறையை அடைந்தனர். அப்பயணத்தில் ஹர்லி கையுறையைத் தொலைத்துவிட்டார். தலைவர் தம்முடையதைக் கழற்றிக் கொடுத்தார். வேண்டாமென்று மறுத்தவரிடம், நீர் அணியாவிடில் கடலில் எறிவேன் என்றார். தலைவரின் விரல்கள் குளிரால் பழுதுற்றன. கரையிறங்குகையில், குழுவிலேயே இளையவனாகிய பிளாக்போரோ முதலில் கால் வைக்கட்டும் என்று அவனுக்குப் பெருமை அளித்தார். பாவம், அவனுடைய பாதங்கள் உறைந்து மரத்துப்போயிருந்ததை அவர் மறந்துவிட்டார். அவன் தண்ணீரில் விழுந்தான். நல்லெண்ணத்தோடு செய்யும் காரியத்திலும் தலைவர்கள் எதையாவது மறக்கத்தான் செய்கிறார்கள். பின்னர் அவனுடைய இடக்காலின் விரல்களை அத்தீவிலேயே மருத்துவர் அகற்ற வேண்டியதாயிற்று.

அத்தீவுக்கு எந்தக் கப்பலும் வருவதில்லை. ஆகவே ஒரு படகைச் செப்பனிட்டு, ஏறத்தாழ 800 கடல் மைல் தொலைவிலுள்ள தெற்கு ஜார்ஜியாவுக்குச் சென்று உதவி கொணர்வதென முடிவாயிற்று. படகின் நீளம் ஏழு மீட்டருக்கும் குறைவு. அதன் பக்கங்களை உயர்த்தி, மேலே கித்தான் போர்த்து, விளக்குத் திரியாலும் ஓவியரின் வண்ணத்தாலும் கடல்நாயின் இரத்தத்தாலும் இடுக்குகளை அடைத்தவர் தச்சர் மக்னிஷ். உடன் செல்ல ஐவரைத் தேர்ந்தபோதும் ஷாக்கிள்டன் பழைய வழியையே பின்பற்றினார். திறமையோடு எதிர்வாதமும் மிக்க மக்னிஷையும், முரடராகிய வின்சென்ட்டையும் பின்னே விட்டுச் செல்லாமல் தம்மோடு ஏற்றிக்கொண்டார். எஞ்சிய இருபத்திருவரையும் வைல்டின் பொறுப்பில் விட்டார். நான்கு வாரத்துக்கு மட்டும் உணவு எடுத்தார். அதற்குள் சேராவிட்டால் பின் உணவு தேவைப்படாது.

அப்பதினாறு நாள் பயணத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். படகில் ஒருவர் குளிரால் தளர்கிறார் என்று கண்டால், ஷாக்கிள்டன் உடனே எல்லாருக்கும் சூடான பால் காய்ச்சச் சொல்வார். இன்னாருக்காகத்தான் என்று ஒருபோதும் தெரியவிடார். தான் பிறரினும் தளர்ந்துவிட்டதாக ஒருவன் அறிந்தால் அந்த அறிவே அவனைக் கொன்றுவிடும் அன்றோ! கப்பல் தலைவர் வோர்ஸ்லி இதனைக் கவனித்துப் பின்னாளில் எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. வகுப்பில் கடைசியாய் நிற்கும் பிள்ளையை, விருந்தினர் முன்னிலையில் பெயர் சொல்லித் திருத்துகிற பெற்றோரைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தப் பால் நினைவுக்கு வரும்.

மே 10ஆம் நாள் கரை சேர்ந்தனர். ஆனால் தீவின் தவறான பக்கத்தில். திமிங்கல வேட்டை நிலையங்கள் மறுபக்கம். நடுவே யாரும் கடந்திராத பனிமலைகள். வோர்ஸ்லி, கிரீன் என்னும் இருவரை அழைத்துக்கொண்டு, ஒரு கயிறும் தச்சரின் வாய்ச்சியும் துணையாக, செருப்பின் அடியில் தச்சர் செருகித் தந்த திருகாணிகளோடு, 36 மணி நேரம் நடந்தார். இடையே களைத்து அமர்ந்தபோது தோழர் இருவரும் கண்ணயர்ந்தனர். மூவரும் உறங்கினால் அது சாவில் முடியும். ஐந்து நிமிடம் கழித்து எழுப்பி, அரைமணி நேரம் உறங்கினீர்கள், புறப்படுவோம் என்றார். பொய்தான். அறநெறி இறையியல் கற்பித்த எங்கள் பேராசிரியர் இதனை என்னென்று தீர்த்திருப்பாரோ, அறியேன். மே 20ஆம் நாள் காலை ஏழு மணிக்கு, தொழிலாளரை வேலைக்கு அழைக்கும் ஆலைச்சங்கின் ஓசை தொலைவில் கேட்டது. அந்நடையில் தாங்கள் மூவரல்லர், நால்வர் என்று தோன்றிக்கொண்டேயிருந்ததாக ஷாக்கிள்டன் தம் நூலில் குறிப்பிட்டுள்ளார். அவர் அதற்குமேல் விளக்கவில்லை. நானும் விளக்க முயலேன்.

மறுபுறம் எலிபண்ட் தீவில், கவிழ்த்து வைத்த இரு படகுகளின் கீழ் இருபத்திருவர் காத்திருந்தனர். நாள்தோறும் காலையில் வைல்டு, தலைவர் இன்று வரக்கூடும், பைகளைச் சுருட்டி வையுங்கள் என்பாராம். நான்கு மாதம் இதையே சொன்னார்! மூன்று கப்பல்கள் பனியால் தடுக்கப்பட்டுத் திரும்பின. நான்காவதாக, சிலி நாட்டு அரசு அளித்த ‘யெல்ச்சோ’ என்னும் சிறு கப்பல் 1916 ஆகஸ்ட் 30ஆம் நாள் அங்கே வந்தது. படகில் நின்றபடியே ஷாக்கிள்டன் கரையிலிருந்த தலைகளை எண்ணினார். இருபத்திரண்டும் இருந்தன. அந்தப் பிஸ்கட்டு வீண்போகவில்லை.

இவ்விடத்தில் நூலை மூடிவிட்டால் கதை இனிது முடியும். குருமட உணவறையிலும் அவ்விடத்தில்தான் மணி அடித்தது. ஆனால் பின்னாளில் நானே தேடிப் படித்தபோது எஞ்சிய பக்கங்கள் அவ்வளவு இனிமையாய் இல்லை.

கண்டத்தின் மறுகரையில், ரோஸ் கடற்பகுதியில், ஷாக்கிள்டன் அனுப்பிய வேறொரு குழு இருந்தது. போதிய பணமின்றி, அரைகுறை ஏற்பாட்டோடு அனுப்பப்பட்டவர்கள். கண்டத்தைக் கடந்து வரும் தலைவருக்கென வழியில் உணவுக் கிடங்குகள் அமைப்பது அவர்கள் பணி. அவர்களுடைய கப்பலைப் புயல் அடித்துச் சென்றுவிட, பத்துப் பேர் கரையில் தனித்து விடப்பட்டனர். ஆயினும் பணியைச் செய்து முடித்தனர். வராத தலைவருக்கு உணவு வைத்துவிட்டுத் திரும்புகையில் மூவர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் ஆர்னால்டு ஸ்பென்சர்-ஸ்மித் என்னும் ஆங்கிலிக்கன் குரு. சத்துக்குறை நோயால் நடக்க இயலாது, தோழர்கள் வாரக்கணக்கில் வண்டியில் வைத்து இழுத்துவர, 1916 மார்ச் 9ஆம் நாள் பனியில் உயிர்நீத்தார். ஷாக்கிள்டன் தம்மோடிருந்த ஒருவரையும் இழக்கவில்லை என்று புகழ்கிறவர்கள் இம்மூவரை எண்ணுவதில்லை. கண்ணெதிரே உள்ளவரைக் காத்தவர், கண்ணுக்கு மறைந்தவர்க்கு வேண்டியதைச் சரிவரச் செய்யவில்லை.

வீட்டிலும் அப்படியே. 1904இல் எமிலி என்னும் பெண்மணியை மணந்தார், பிள்ளைகள் மூவர். வீட்டில் இருந்த நாள்கள் குறைவு. இருந்த நாள்களிலும் புதுப்புது வணிகத் திட்டங்கள், கடன்கள். பிள்ளைகளை வளர்த்தவர் எமிலி. படகிலிருந்தவரின் முகம் வாடினால் பால் காய்ச்சச் சொன்னவர், தம் இல்லத்தில் யார் குளிரால் நடுங்கினர் என்று கவனித்தாரா? குடும்பங்கள் படிக்கும் இதழில் இதனை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. ஊருக்கெல்லாம் உழைக்கும் நல்லவர்கள் பலருடைய மனைவியர் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மறுபுறம் அழுவதை ஒவ்வொரு குருவும் அறிவார். 1922 சனவரி 5ஆம் நாள், நான்காம் பயணத்தின் தொடக்கத்தில், 47ஆம் வயதில், தெற்கு ஜார்ஜியாவில் மாரடைப்பால் ஷாக்கிள்டன் இறந்தார். உடலை இங்கிலாந்துக்குக் கொணர வேண்டாம், அங்கேயே அடக்கம் செய்யுங்கள் என்றார் எமிலி. கணவரின் மனம் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

இனித் தச்சரின் செய்தி. பனிமேல் படகுகளை இழுத்துச் சென்ற நாள்களில், 1915 டிசம்பர் 27ஆம் நாள், மக்னிஷ் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டார். கப்பல் மூழ்கியதால் ஒப்பந்தமும் முடிந்தது, இனி உத்தரவுக்குக் கீழ்ப்படியேன் என்றார். ஷாக்கிள்டன் ஒப்பந்தத்தை எல்லார் முன்னிலையிலும் படித்துக் காட்டி அடக்கினார். தச்சர் பணிந்தார்; அதன்பின் பிழை ஏதும் செய்யவில்லை. அவர் கைபட்ட படகுதான் ஆறு பேரைக் கரை சேர்த்தது. அவர் செருகிய திருகாணிகள்தாம் மலையைக் கடக்கச் செய்தன. ஆயினும் ஊர் திரும்பியபின் குழுவினர்க்கு அரசின் துருவப் பதக்கம் வழங்கப்பட்டபோது, ஷாக்கிள்டன் நால்வருடைய பெயரைப் பரிந்துரைக்கவில்லை. அந்நால்வருள் மக்னிஷும் ஒருவர். இது கொடிய அநீதி என்று குழுவின் மருத்துவர்களுள் ஒருவரே பின்னாளில் வருந்தினார். மக்னிஷ் வறுமையுற்று நியூசிலாந்தில் 1930இல் மாண்டார். பதக்கம் கிடைக்காததைவிட, அந்தப் பூனையைக் கொன்றதையே அவரால் இறுதிவரை மன்னிக்க முடியவில்லை என்பார்கள். 2004ஆம் ஆண்டில் அவர் கல்லறைமேல் வெண்கலத்தால் ஒரு பூனையைச் செய்து வைத்திருக்கின்றனர்.

பசி, குளிர், தோல்வி யாவற்றையும் பொறுத்த அந்த மனிதரால் ஒரு மணி நேர எதிர்ப்பைப் பொறுக்க முடியாமற் போயிற்று. தேவைப்பட்ட வரையில் தச்சரை அருகில் வைத்துக்கொண்டார். தேவை முடிந்தபின் பழையதை எடுத்துக்கொண்டார். அவரைக் குறைகூற எனக்கு உரிமை உண்டா என்று கேட்டால், இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நான் குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தபோது ஒரு சிற்றூர்ப் பங்கில் மணிக்கோபுரம் கட்டினோம். அவ்வூர்க் கொத்தனார் ஒருவர், நம் மக்களுள் ஒருவர், அடித்தளத்துக்கு நான் குறித்த ஆழம் போதாது, அது ஏரி மண் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னார். சற்றுக் குடித்திருந்தார் என்பதும் உண்மை. பொறியாளர் வரைபடம் என் கையில் இருந்தது, இளமையும் இருந்தது. அடுத்த ஞாயிறு மறையுரையில், பெயர் சொல்லாமல், ஊருக்கே தெரியும்படி அவரைச் சாடினேன். அவர் பதில் பேசவில்லை. வேலைக்கும் வராமல் இருக்கவில்லை. முதல் மழையில் குழியின் பக்கம் சரிந்தபோது அவர் சொன்ன ஆழத்துக்கே தோண்டினோம். அதனை முன்னின்று செய்தவரும் அவரே.

அர்ச்சிப்பு நாளன்று ஆயர் வந்திருந்தார். உழைத்தோர்க்கெல்லாம் பொன்னாடை. பட்டியலை எழுதியவன் நான். கல்வெட்டில் பதினேழு பெயர்கள் பொறிக்கப்பட்டன. அவர் பெயர் இல்லை. மறதி என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட்டத்தின் பின்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு அவர் நின்றதைக் கண்டேன். அதற்குப் பின் மூன்று ஆண்டு அங்கிருந்தேன். நேரில் பார்த்தால் “தோத்திரம் சாமி” என்பார், நானும் ஆசீர் அளிப்பேன். அதற்குமேல் பேசியதில்லை. நான் மாற்றலாகி வந்தபின் அவர் இறந்தார். அடக்கத்துக்கும் நான் செல்லவில்லை.

மக்னிஷின் பதக்கத்தைப் பற்றி நான் படித்தது அதற்கும் சில ஆண்டுகளுக்குப் பின்.

சென்ற ஆண்டு ஒரு திருமணத்தில் அவருடைய மகனைக் கண்டேன். பந்தி முடிந்து ஓரமாய் அழைத்துச் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் கை கழுவிக்கொண்டே நின்றார். “விடுங்க சாமி. அப்பா அதெல்லாம் சொன்னதில்லை. வாசலில் கட்டில் போட்டுக் கோபுரத்தைப் பார்த்தபடிதான் படுப்பார்” என்றார்.

எங்கள் பங்கில் பேரவைத் தேர்தல் முடிந்தது. பலகையிலிருந்த நான்கு வரிகளையும் நான் மாற்றவில்லை. மாற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. கல்லறைச் சுவர் விவகாரத்தில் என்னைக் கடுமையாய் எதிர்த்த அம்மையார் ஒருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார். முதற்கூட்டத்தில் அவரை என் வலப்பக்கத்து நாற்காலியில் அமருமாறு வேண்டினேன். ஒன்பது மணிக்கு முடியவேண்டிய கூட்டம் பத்தரைக்கு முடிந்தது. உபதேசியார் வாயிலில் நின்று சிரித்தார்.

அந்தச் சிற்றூரின் இப்போதைய பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். கல்வெட்டின் அடியில் இன்னொரு வரிக்கு இடமிருக்கிறது. பெயரையும், ‘கொத்தனார்’ என்ற சொல்லையும் பொறிக்கும் செலவு என்னுடையது என்று குறிப்பிட்டுள்ளேன். இன்னும் பதில் வரவில்லை.